அலங்காரத்துக்காக ஒரு கிணறு

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெறுமையான குப்பைத் தொட்டியை வீதியிலிருந்து வளவுக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது மகள் கண்டக்குழியிலிருந்து அழைத்தாள். மெல்பேர்னில் ஓய்வுபெற்ற ஒருவனுக்குக் கிழமையை நினைவூட்டுவது தொட்டி மூடியின் நிறம்தான். அன்று மஞ்சள் மூடி. எனக்குப் பின்னேரம், அவளுக்குக் காலை.

“வாப்பா, ஹலீமா மாமி பேபிக்குப் பால் கரைக்கிறது சபியா மாமிட கிணத்துத் தண்ணியில. நிப்பாட்டச் சொல்லவா?”

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சபியா என்னுடைய ராத்தா, மூத்த சகோதரி. இலங்கையில், கல்பிட்டியை அடுத்த கண்டக்குழியில் கடலுக்குப் பக்கத்தில் ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி வைத்திருக்கிறார். ஹலீமா அடுத்த வளவுக்காரி. விடுதியைக் கூட்டித் துடைத்து ராத்தாவுக்கு ஒத்தாசையாக இருப்பவர். அவருடைய மகள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டதால், நான்கு மாதப் பேரன் புட்டிப்பாலில் வளர்கிறான். அழைத்தவள் என் மகள் நஸ்ரின். நான் முன்பு வேலைபார்த்த பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். களப்பயிற்சிக்கென்று பன்னிரண்டு பேரோடு கண்டக்குழிக்குப் போயிருந்தாள்.

ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன்.

“நீங்க செய்த பக்கத்திலதானே போட்டிரிக்கி. நாலாவது பகுதி.”

அந்த இணையப் பாடப் பக்கத்தை நான் செய்யவில்லை, அடுக்கிக் கொடுத்தேன், உள்ளடக்கம் விரிவுரையாளருடையது என்று சொல்லத் தொடங்கினேன். அவள் “வாப்பா, பேபி” என்றாள். நான் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

2

போர் நடந்த காலத்தில் பலர் வெளிநாடு போனார்கள். நான் போர் முடிந்து, வீதிகளுக்குத் தார் போட்டு, கல்பிட்டிக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிச் சறுக்கத் தொடங்கிய பிறகு போனேன். எதிலிருந்து தப்பி வந்தாய் என்று இங்கே யாராவது கேட்டால் எனக்குச் சொல்லப் பதில் கிடையாது. மனைவி தாதி. வேலை கிடைத்தது அவருக்கு. நான் அவருடைய விசாவின் பின்னிணைப்பு.

அதற்கு முன் புத்தளத்தில் ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். மதுரங்குளியிலிருந்து கல்பிட்டி வரைக்கும் பாடசாலைகளுக்குப் போய், பாடக்குறிப்பில் நோக்கத்தை முதலில் எழுதுங்கள், செயற்பாட்டைப் பிறகு எழுதுங்கள் என்று சொல்லுவது வேலை. ஆசிரியர்கள் தலையாட்டிவிட்டு, நான் வாசல் படலையைத் தாண்டியதும் தங்கள் வழியில் படிப்பித்தார்கள். மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகம் இதே வேலையை மூன்று மடங்கு நீளமான பெயரில் எனக்குத் தந்தது. விரிவுரையாளர்கள் தங்கள் பாடங்களை இணையத்துக்குக் கொண்டுவர உதவும் பாடநெறி வடிவமைப்பாளர். விரிவுரையாளர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் படலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரில் என்னை டிசைனர் என்று ராத்தா அறிமுகப்படுத்தி வைத்ததால், ஒரு பெருநாளைக்கு முன் யாரோ ஒருவர் மகளுடைய கலியாண உடுப்புக்கு மாதிரி கேட்டுக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். இங்கே வந்த புதிதில் எனக்கும் இப்படி நடந்ததுண்டு. ஒரு பேராசிரியருக்கு அழைப்பொன்று போட்டேன் என்று எங்களுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கே போட்டாய் என்று கேட்டார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் அழைப்பைப் போடுவதில்லை. செய்கிறார்கள்.

வேலை இதுதான். இருபது வருடமாக மண்டபத்தில் நின்று பேசிய பாடத்தை ஒருவர் கொண்டுவருவார். நாங்கள் அதைப் பகுதி பகுதியாக வெட்டுவோம். ஒவ்வொரு பகுதிக்கும் தலையில் ஒரு கற்றல் பேறு, படித்து முடித்தவர் என்ன செய்வார் என்று, எழுத வேண்டும். ‘மாணவர் விளங்கிக்கொள்வார்’ என்று எழுதக் கூடாது, விளங்கியதை யாரும் கண்ணால் காண முடியாது என்பதால். ‘விளக்குவார்’, ‘ஒப்பிடுவார்’, ‘பட்டியலிடுவார்’ என்று எழுதலாம். பேராசிரியர்கள் இதற்காக என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள். தான் வாழ்நாள் முழுக்க விளங்கிக்கொள்ளவே முயன்றதாக ஒருவர் சொன்னார். அதைப் பட்டியலிட்டுத் தரும்படி கேட்டேன்.

இந்தத் தொழிலின் முதல் விதி, உள்ளடக்கம் அவர்களுடையது, பாத்திரம் எங்களுடையது என்பது. இன்னொரு விதி படங்களுக்கானது. பக்கத்தில் ஒரு படம் போட்டால் அது தகவல் தரும் படமா, அலங்காரப் படமா என்று சொல்லியாக வேண்டும். தகவல் படம் என்றால், கண் தெரியாத மாணவருக்காக அதில் என்ன இருக்கிறதென்று சொற்களில் எழுத வேண்டும். அலங்காரம் என்றால் ஒரு கட்டத்தில் சரி அடையாளம் இட்டால் போதும். பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தப் படத்தின் முன் வாய் திறக்காமல் கடந்து போய்விடும். நல்ல விதி. நான் பயிற்சி வகுப்பு நடத்திய விதி.

3

நீரும் பொதுச் சுகாதாரமும் என்ற பாடநெறியை ஜூடித் என்ற விரிவுரையாளர் நடத்தினார். கெட்டிக்காரி. நேரத்துக்கு வேலையை முடித்துத் தருபவர். என் துறையில் அது அரிது. நான் அங்கே சேருவதற்கு முன்னரே அவர் ஒருமுறை கல்பிட்டிக்குப் போய், தோட்டங்களுக்கு நடுவில் உள்ள கிணறுகளைப் பரிசோதித்திருந்தார். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற உரம் மணலில் நிற்காது. மழையோடு கீழே இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாக வந்து சேரும். பெரியவர்களுக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு மூச்சு முட்டும், உடல் நீலம் பாரிக்கும். நாலாவது பகுதி இதைப் பற்றியது.

அந்தப் பக்கத்தின் மேலே அவர் ஒரு படம் போட்டிருந்தார். வெள்ளை மணல், தென்னை, சீமெந்துக் கட்டு, கப்பியைத் தாங்கும் குறுக்குமரமாக ஒரு உடைந்த வள்ளத்தின் வளைந்த மரம். அந்த மரத்தை வைத்தவர் என் மச்சான், ராத்தாவின் கணவர். ஒரு தவணை விடுமுறையில் நான்தான் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இது என்னுடைய சகோதரியின் கிணறு” என்றேன். ஜூடித் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உலகம் சிறியது என்ற பொருளில் ஏதோ சொன்னார். இதையும் பரிசோதித்தீர்களா என்று கேட்டேன். இல்லை. பரிசோதித்த கிணறுகள் அசிங்கமாக இருந்தன, பக்கத்தில் மோட்டரும் உரப் பைகளும் கிடந்தன. கடைசி நாள் செவ்விளநீர் குடிக்க ஒரு வீட்டில் நின்றபோது இந்தக் கிணறு அழகாக இருந்தது, எடுத்தேன் என்றார். அப்படியானால் இது அலங்காரம்தானே என்று கேட்டேன். ஆம், அலங்காரம் என்றார். சரி அடையாளம் இட்டோம்.

ராத்தாவிடம் இதைச் சொன்னபோது படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். படம் மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தின் சின்னம் தெரிய வேண்டும் என்றார். சின்னம் பக்கத்தின் உச்சியில் இருந்தது, படம் நடுவில். ஆகவே முழுப் பக்கத்தையும் அனுப்பினேன், தலைப்போடும் படத்தின் கீழிருந்த வரிகளோடும். பக்கம் கிணறுகளில் உரம் கலப்பதைப் பற்றியது என்றும் சொன்னேன்.

“எங்கட கிணத்தையா சொல்றாங்க?”

“இல்ல ராத்தா. உங்கட கிணறு அலங்காரத்துக்குத்தான்.”

அவருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. கல்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, விடுதியின் முன்மண்டபத்தில் தொழுகை நேரம் காட்டும் மணிக்கூட்டுக்கு எதிரே மாட்டினார். ஊரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். அவர்களுக்கு விளங்கியது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சபியாவின் கிணற்றை ஆராய்ந்து புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பது. ஜூடித்துக்குத் தெரிந்ததை விட அது ஒரு படி கூடுதல்.

4

அந்தக் கிணற்றுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மரியாதை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்துச் சனம் வள்ளங்களில் வந்து இந்தக் கரையில் இறங்கியது. கையில் கொண்டுவர விட்டதைக் கொண்டு வந்தார்கள், அது அதிகமில்லை. ராத்தாவுக்கு அப்போது சின்னப் பிள்ளைகள். கயிறு பிடித்துக் கை உரியும்வரை அள்ளி ஊற்றினார். வந்தவர்களில் ஒருத்தி ஹலீமா. கலியாணம் முடித்துச் சில மாதங்களான பெண். கணவனோடு அடுத்த வளவில் ஒரு கிடுகுக் கொட்டிலில் தொடங்கினார்.

போர் முடிந்து சனம் திரும்பிப் போகலாம் என்றானபோது சிலர் போனார்கள், சிலர் இருந்தார்கள், சிலர் அங்கேயொரு வீடும் இங்கேயொரு வீடுமாக இருக்கிறார்கள். எது நிரந்தர வதிவிடம் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். இரண்டிலும் அடுப்பு எரிகிறது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஹலீமா போகவில்லை. கொட்டில் கல்வீடானது, மதில் வந்தது, கரண்ட் வந்தது. கிணறு மட்டும் வெட்டவில்லை.

காரணம் காசு அல்ல. அந்த மணலில் கிணறு வெட்டுவது பெரிய வேலையும் அல்ல. பல வருடமாக ஒரு வளவில் தண்ணீர் எடுத்துவிட்டு, திடீரென்று சொந்தக் கிணறு வெட்டினால் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏதோ நடந்துவிட்டது என்று ஊர் கதைக்கும். மகனொருவன் வெட்டுவோம் என்று தொடங்கியபோது ஹலீமாவே தடுத்தார். ராத்தா என்ன நினைப்பா என்றாராம். ராத்தா உண்மையிலேயே நினைத்திருப்பார். மதிலில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள், குடம் இடுப்பில் இருந்தால் இடிபடாமல் வருகிற அளவுக்கு.

இதே காலத்தில் கிணற்றைச் சுற்றியிருந்த வெறும் மணல் எல்லாம் தோட்டமானது. ராத்தாவின் பின் வேலிக்கு அப்பால் மிளகாய், வீட்டு முன்னால் போகும் ஒழுங்கையின் அந்தப் பக்கம் வெங்காயம். இது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை போகும்போதும் பச்சையாக இருக்கிறதென்று படம் எடுத்திருக்கிறேன்.

5

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பேர்த்தில் இருக்கிறான். நான் தமிழில் அனுப்பும் செய்திகளுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டுவான். வாசிக்கிறானா என்று பார்க்க ஒருமுறை, உம்மாவுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். அதற்கும் பெருவிரல்தான் வந்தது. நஸ்ரின் எட்டு வயதில் வந்தவள். தமிழ் பேசுவாள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் தமிழ் அது, அதற்குப் பிறகு வளரவில்லை. நைத்திரேற்றுக்கும் வரம்புக்கும் அதில் சொல் இல்லை.

களப்பயிற்சிக்குக் கல்பிட்டி என்றானதும், ராத்தாவின் விடுதியைத் தெரிவு செய்ததும் என் வேலை அல்ல. பல்கலைக்கழகம் மூன்று இடங்களில் விலை கேட்டுத்தான் முடிவு செய்தது. நான் ஓய்வுபெற்றுவிட்டதால் உறவு முறையை வெளிப்படுத்தும் படிவத்தைக் கூட யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே தேடி எடுத்து நிரப்பி அனுப்பினேன். பதில் வரவில்லை.

போன அன்றே வினை தொடங்கியது. ராத்தா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். நஸ்ரின் கோப்பையோடு முன்மண்டபத்துக்குப் போனாள், சுவரில் இருந்ததை வாசித்தாள், கோப்பையை வைத்துவிட்டாள். அன்று பின்னேரம் ராத்தா என்னை அழைத்தார்.

“வெள்ளக்காரப் புள்ளையள் எல்லாம் குடிச்சிட்டு இன்னொரு கோப்ப கேட்டிச்சி. எங்கட புள்ளதான் வயித்து வருத்தம் எண்டு வெச்சிட்டுப் போயிட்டு. நீ சொல்லி அனுப்பினியா?”

நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நஸ்ரினிடம் கேட்டேன். பெரியவர்களுக்குப் பயமில்லை என்று அதே பக்கத்தின் அடியில் இருக்கிறதே என்றேன். அவள் அவ்வளவு தூரம் வாசித்திருக்கவில்லை. எல்லா மாணவர்களையும் போலத்தான் அவளும். மறுநாளிலிருந்து தேநீர் குடித்தாள். ராத்தாவும் ஆறினார். ஆனால் அதற்குள் அவளுடைய கண் ஹலீமாவின் இடுப்பில் போகும் குடத்தில் விழுந்துவிட்டது. அந்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போய், அடுப்பில் கேத்தலையும் பக்கத்தில் பால்மாப் பேணியையும் கண்டாள். அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது.

அவளிடம் பரிசோதிக்கும் தாள் இருந்தது. தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறும் ஒரு துண்டு. அதைக் கொண்டு இப்போதே பார்க்கிறேன் என்றாள். நான் பொறு என்றேன். களப்பயிற்சி விதிகளை எனக்குத் தெரியும். அந்தக் கையேட்டை இணையத்தில் ஏற்றியவன் நான். முன்கூட்டியே அனுமதி பெற்ற கிணறுகளை மட்டும்தான் மாணவர் தொடலாம். வேறொருவருடைய கிணற்றைத் தொட்டால் குழுவின் முழு வேலையும் செல்லாது. ராத்தாவின் கிணறு அந்தப் பட்டியலில் இல்லை.

பயிற்சி எப்போது முடிகிறது என்று கேட்டேன். வியாழன் பின்னேரம். அவள் மட்டும் ஒரு கிழமை நின்று வருவதாக இருந்தது.

“அப்ப வியாழனுக்குப் பிறகு நீங்க மாணவி இல்ல. என்ட மகள், அவட மருமகள். மாமிட கிணத்தில என்ன வேணுமெண்டாலும் செய்யலாம்.”

தாள் பல்கலைக்கழகத்துடையதே என்றாள். கல்வி எதில் பயன்படாவிட்டாலும் இப்படியான இடங்களில் பயன்படும். திறந்த தாள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது, அங்கேயே தகுந்த முறையில் முடித்துவிட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. தகுந்த முறை எது என்று தெளிவாக எழுதும்படி நான் ஒருமுறை குறிப்பு அனுப்பியிருந்தேன். திருத்தவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

“வியாழன் வரைக்கும் பேபிக்கு?”

போத்தல் தண்ணீர் வாங்கிக் கொடு என்றேன். அதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறாள். ஹலீமா போத்தலை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, ராத்தாவிடம் வந்து சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ராத்தா சிரிக்கவில்லை. கடைத் தண்ணியை விட என் தண்ணி குறைவா என்று கேட்டு, பிறகு, சும்மா கதைக்க வேணாம், பார்த்துட்டுச் சொல்லு என்று நஸ்ரினிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையோடு விளையாட ஆசை என்று சொல்லிக்கொண்டு, விடிந்ததும் ஹலீமாவின் குசினிக்குள் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் தானே பால் கரைத்தாள், பையில் மறைத்துக் கொண்டுபோன போத்தல் தண்ணீரில். நுளம்பு வலைக்குள் படுத்துக்கொண்டு அறிக்கை எழுத வேண்டிய நேரம் அது. அந்த அறிக்கைக்கு, பிந்திக் கொடுத்ததற்காகக் குறைத்த புள்ளிதான் அவளுக்குக் கிடைத்தது.

6

வெள்ளிக்கிழமை காலை ராத்தாவே வாளியை இறக்கி அள்ளினார். நஸ்ரின் தாளைத் தோய்த்து உதறிவிட்டுக் காத்து நின்றாள். பெட்டியில் நிறங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், வெள்ளையிலிருந்து கடும் ரோசா வரைக்கும். எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறதென்று அவளால் சொல்ல முடியவில்லை. ராத்தாவின் கண், துணிக்கடையில் நிறத்துக்கு நிறம் பொருத்தி வாங்கிப் பழகிய கண். பெட்டியை வாங்கி வெயிலில் பிடித்து, “இது” என்று விரல் வைத்தார். அது குழந்தைக்கு ஆகாத நிறம்.

இன்னொரு வாளி அள்ளினார். அதே நிறம். மூன்றாவதாக, கிணற்றுக் கட்டின்மேல் ஏறி நின்று, ஆழத்தில் வாளியை அமிழ்த்தி அள்ளினார். அதே நிறம்.

“கொதிக்க வெச்சா?”

“இல்ல மாமி. கொதிச்சா தண்ணிதான் குறையும். அது அப்பிடியே இரிக்கும். இன்னும் மோசம்.”

இதுவும் சுவரில் இருந்தது. படத்துக்கு நேர் கீழே, இரண்டாவது வரி. கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது, செறிவு கூடும். ஹலீமா அந்த மண்டபத்தைத் தினமும் கூட்டுகிறார். சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கிறார். என் தொழிலின் மொழியில் சொன்னால், கற்றல் பேறு அடையப்படவில்லை.

ராத்தா என்னை அழைத்தார். வழக்கமாகச் சுகம் கேட்டு, மனைவியின் முழங்காலைக் கேட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று கேட்கவில்லை.

“அலங்காரத்துக்கு எண்டுதானே சொன்ன?”

“அப்பிடித்தான் அவங்களும் சொன்னாங்க ராத்தா. பார்க்காத கிணறுதானே.”

“பார்க்காததெண்டா ஏன் அந்த எழுத்துக்கு மேல போட்டாங்க?”

இந்தக் கேள்வியை எந்தத் தர மதிப்பீட்டுக் குழுவும் என்னிடம் கேட்டதில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே, “சரி, நான் ஹலீமாட்டப் போறன்” என்று போனை வைத்துவிட்டார்.

நஸ்ரின் தான் போய்ச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். வேண்டாம், குடுத்தது நான் என்று ராத்தா சொல்லிவிட்டார். அவள் மதிலின் இடைவெளிக்குள் நின்று பார்த்தாள். ராத்தா ஹலீமாவின் வாசலில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.  பிறகு, “ஹலீமா, இவனுக்கு என்ட தண்ணி வேணாம்” என்றார்.

ஹலீமாவின் முகம் மாறியதை நஸ்ரின் எனக்கு ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவளுடைய தமிழ் அதற்குப் போதவில்லை.

“நான் என்ன பிழ செஞ்சேன் ராத்தா?”

“நீ ஒண்டும் செய்யல்ல. தண்ணிதான்.”

ராத்தா நிறத்தைக் காட்டினார், உரத்தைச் சொன்னார், மிளகாய்த் தோட்டத்தைக் காட்டினார். ஹலீமா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். கடைசியில், “மூணு தரம் கொதிக்க வெச்சுத்தானே குடுத்தேன்” என்றார். அதை இரண்டு மூன்று முறை சொன்னார்.  ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்வரை ராத்தா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். சுகமாகத்தான் இருக்கிறான். நிறையும் குறையவில்லை. அன்றிலிருந்து பால் கரைக்கச் சுத்திகரித்த தண்ணீர்க் கேன் வருகிறது. மற்றத் தேவைக்கு ஹலீமா முன்போலவே குடத்தோடு இடைவெளிக்குள்ளால் வருகிறார். முதல் நாள் வரவில்லை. ராத்தா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

7

நான் ஜூடித்துக்கு எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது. உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார். பிள்ளையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருந்தார். படத்தை உடனே நீக்குவதாகவும், ராத்தாவின் மனதைப் புண்படுத்தாத வேறொரு படத்தைப் போடுவதாகவும் எழுதினார். நஸ்ரின் கண்ட முடிவைப் பக்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தேன். முடியாது என்றார், அதுவும் சரிதான். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் எடுத்த அளவீடு அது. அனுமதி கேட்டால் பல மாதம் ஆகும், கிடைத்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். ஆக, அந்தப் பக்கத்தில் அந்தக் கிணற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது அதன் படம் இருக்கலாம். தெரிந்த பிறகு தெரிந்ததைப் போட முடியாது. இந்த விதிகளை வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் தவறு எங்கேயும் இல்லை.

மாற்றுப் படத்தையும் அனுப்பியிருந்தார். பளபளக்கும் ஒரு குழாய், நுனியில் ஒரு துளி. படங்கள் விற்கும் தளத்தில் வாங்கியது. ராத்தாவுக்குக் காட்டினேன்.

“யாருட பைப்பு இது?”

“ஒருத்தருடையதும் இல்ல ராத்தா.”

“அப்ப என்ட கிணறே இரிக்கட்டும்” என்றார்.

விடுதிக்கு இதனால் நட்டம் வரும், ஊர் கதைக்கும் என்று சொன்னேன். ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது என்றார். சபியாவின் தண்ணி நஞ்சாம் என்று ஒரு கதை ஒழுங்கையின் கடைசி வரை போய்த் திரும்பி அவரிடமே வந்திருந்தது. கொண்டுவந்தவர் வைத்திருக்கும் கிணறு மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. அந்த ஒழுங்கையில் கைக்குழந்தை உள்ள வீடுகள் வேறும் இருந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். எல்லோரும் யாரோ ஒருவருடைய கிணற்றில்தான் எடுக்கிறார்கள்.

நஸ்ரினிடம் மிச்சத் தாள்கள் இருந்தன. திங்கட்கிழமை அசர் தொழுதுவிட்டு ராத்தா முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். மகள் போனை அழைப்பில் விட்டுச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள். விதிப்படி இதற்கு மற்றவர்களுடைய சம்மதம் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இங்கே நல்ல இருட்டு, மனைவி இரவு வேலைக்குப் போயிருந்தார். நான் பாணை வாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வீட்டில் திறந்தார்கள். ராத்தா தன் கிணற்றில் என்ன வந்ததென்று முதலிலேயே சொன்னார். மறைக்கவில்லை. அந்த வீட்டுக் கிணற்றில் வந்தது ரோசா, ஆனால் மெல்லியது. அந்த வீட்டுக்காரி அல்ஹம்துலில்லாஹ் என்றார். ராத்தா, மாரி முடிய இன்னொருக்காப் பாருங்க என்றார். இரண்டாவது வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவது, அந்த மிளகாய்த் தோட்டக்காரரின் வீடு. கதையைக் கொண்டுவந்தவர். படலை திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

உரம் போடாத தோட்டம் எங்கே இருக்கிறது என்று அவர் படலைக்கு உள்ளே நின்றபடி கேட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து ஊர்க் கிணறுகளை மூடப் பார்க்கிறார்கள் என்றார். உங்கட தம்பி அங்கே இருந்துகொண்டு படம் காட்டுகிறார் என்றார். பாணில் பட்டர் பூசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கடைசியில், தன் வாப்பா காலத்திலிருந்து அந்தத் தண்ணி குடித்து ஒருத்தரும் மௌத்தாகவில்லை என்றார்.

“என்ட கிணத்திலயும் ஒருத்தரும் மௌத்தாகல்ல, நானா” என்றார் ராத்தா, அவரை அண்ணன் முறை வைத்து. “உங்கட மருமகள்ட கையில ஒண்டு, வயித்தில ஒண்டு. படலையத் தொறங்க.”

 உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், மெதுவாக, மாமா என்றது. பிறகு படலையின் கொளுக்கி விழுந்தது, கப்பி சுழலத் தொடங்கியது.